சிஸ்டரிடம் கேளுங்கள்

(பதில் சொல்பவர்: தஞ்சாவூர்ப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ்)

கேள்வி: அமெரிக்க ஆஸ்பத்திரித் தொடரான 'ஈ.ஆர்.' பார்க்கிறேன். அதில் டாக்டர் மார்கன்ஸ்டர்ன் என்று ஒரு சீஃப். திடீரென்று வருகிறார், அப்புறம் பல வாரம் ஆளையே காணோம். நிஜத்திலும் பெரிய டாக்டர்கள் இப்படித்தானா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

அவர் காணாமல் போவதற்கு முதல் காரணம் நடிகர். வில்லியம் ஹெச். மேசி சினிமாக்காரர், 1996-இல் வந்த 'ஃபார்கோ' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். நிரந்தர நடிகராக இல்லாமல், கூப்பிட்ட எபிசோடுக்கு மட்டும் வந்து போனார்.

ஆனால் எனக்கு அந்தத் தொடரிலேயே நம்பும்படி இருந்தவர் அவர்தான். கதையை எழுதிய மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். சீஃப் எப்போது வார்டுக்குள் வருவார் என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

எங்கள் வார்டில் சீஃப் ரவுண்ட்ஸ் காலையில் கொஞ்ச நேரம்தான். அதற்கு முன்னால் நடப்பதைப் பார்க்க வேண்டுமே! அட்டெண்டர்களை வெளியே அனுப்பி, கட்டிலுக்கு அடியிலிருந்து தூக்குவாளி, ஃபிளாஸ்க் எல்லாம் எடுக்கச் சொல்லி, விரிப்பை இழுத்துவிட்டு, கேஸ் ஷீட்டைத் தேதிவாரியாக அடுக்கி... ராத்திரி முழுக்கத் தூங்காத ஹவுஸ் சர்ஜன் பையன் முகம் கழுவிக்கொண்டு ஓடிவருவான். குறுவை அறுப்பு சமயத்தில் கண்ணாடி விரியன் கடித்தவர்கள் வருவார்கள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. பார்த்தாயா என்று சீஃப் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் பையன் விடியவிடிய குழாயும் கையுமாக உட்கார்ந்திருப்பான். அந்த 20 நிமிஷத்தை எந்த சீரியலும் காட்டாது, விளம்பரம் போட்டுவிடுவார்கள்.

4-ஆம் சீசனில் மார்கன்ஸ்டர்னுக்கு மாரடைப்பு வரும். திரும்பி வந்தவர் ஒரு ஆபரேஷனில் தடுமாறுவார், பழி அவருக்குக் கீழே வேலை பார்க்கும் டாக்டர் பென்டன் மேல் விழும். கடைசியில் தன் தவறுதான் என்று ஒத்துக்கொண்டு வேலையை விடுவார். மேலே இருப்பவர் தவறினால் கீழே இருப்பவர்தான் முதலில் விளக்கம் எழுதிக் கொடுப்பார் என்கிற இடம் வரைக்கும் அசல். தானாக முன்வந்து ஒத்துக்கொண்டாரே, அங்கேதான் எனக்குக் கொஞ்சம் சினிமா வாடை அடித்தது. கடைசி சீசனில், 2009-இல், ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அதுவரை பாருங்கள், விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: திரையில் கோடு நேராகிவிட்டதும் ஷாக் கொடுத்துப் பிழைக்க வைக்கிறார்களே, முடியுமா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

முடியாது. இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது அதை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் ஷாக். நேர்கோடு என்றால் துடிப்பே இல்லை. மார்பை அழுத்துவதும் அட்ரினலின் ஊசியும்தான் வழி. 1996-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் 'ஈ.ஆர்.' உட்பட மூன்று தொடர்களை உட்கார்ந்து பார்த்துக் கணக்கெடுத்தார்கள். மார்பை அழுத்திக் காப்பாற்ற முயன்றவர்களில் 67 சதவீதம் பேர் டிவியில் பிழைத்து வீட்டுக்குப் போனார்களாம். நிஜத்தில் அதன் பக்கத்தில்கூட வராது. இதனால் ஒரு சங்கடம் உண்டு. கேஷுவால்டி வாசலில் நிற்கும் மகன், "டிவியில ஷாக் வைக்கிறாங்களே சிஸ்டர், நீங்க ஏன் வைக்கல?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்பான். அந்த நேரத்தில் அவனுக்கு என்ன பாடம் நடத்துவது?

கேள்வி: நம்மூர் சீரியல் டாக்டர்கள்?
– ஒரு வாசகி, வலங்கைமான்

ஸ்டெதஸ்கோப்பின் காது முனையைத் திருப்பி மாட்டாமல் இருந்தால் போதும். அது மூக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும் அம்மா.