அந்த ஒன்றரை வரி

கேள்வி: காரைக்குடியில் 22 ஆண்டுகளாக வரிக்கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருக்கிறேன். கடைகள், அரிசி ஆலைகள், ஓட்டல்கள் என்று ஐம்பது வாடிக்கையாளர்கள். ஒரே மகன், பி.காம். கடைசி ஆண்டு படிக்கிறான். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இனிக் கணக்குத் துறையில் வேலையே இருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் அலுவலகத்திலேயே பில் பதிவு செய்த இரண்டு பெண்களை, ஏஐ மென்பொருள் வாங்கியதும் ஏப்ரலோடு நிறுத்திவிட்டேன். ஆளுக்கு ஒன்பதாயிரம் மிச்சம். மகன் கெட்டிக்காரன். கல்லூரிக் கட்டுரைகளையெல்லாம் சாட்ஜிபிடியிலேயே முடித்துவிடுகிறான். மேல்படிப்புக்கு எட்டு லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். எந்தப் படிப்பில் சேர்த்தால் இயந்திரம் அவன் வேலையைப் பறிக்காது? எங்கள் ஐயா 13 வயதில் ரங்கூனுக்கு, வட்டிக்கடையில் எடுபிடியாக இருந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறியவர். அந்த வம்சத்துப் பிள்ளை வேலையில்லாமல் நிற்பானோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கி வெளியிட்டிருக்கிறோம். அதில் மகனைப் பற்றி மூன்று பக்கம். ஐயாவைப் பற்றி அரைப் பக்கத்துக்கு மேல். அந்த இரண்டு பெண்களைப் பற்றி ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியைத் தாண்ட முடியாமல் இரண்டு நாள் உங்கள் கடிதத்தை மேசை மேலேயே வைத்திருந்தேன்.

அவர்கள் எந்த ஊர்ப் பெண்கள், எத்தனை ஆண்டு உங்களிடம் இருந்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள், ஒன்றும் எழுதவில்லை. ஆளுக்கு ஒன்பதாயிரம் மிச்சம் என்பது மட்டும் நினைவாக எழுதியிருக்கிறீர்கள்.

மகன் வேலையை இயந்திரம் பறித்துவிடுமா என்று கேட்கிறீர்கள். அந்தப் பெண்களைக் கூப்பிட்டு நாளை முதல் வரவேண்டாம் என்று சொன்னது எந்த இயந்திரம்? நீங்கள்தானே சொன்னீர்கள். நாளைக்கு உங்கள் மகன் வேலை கேட்டுப் போகிற அலுவலகத்திலும் உங்களைப் போல ஒருவர்தான் நாற்காலியில் இருப்பார். அவரும் நல்ல மனிதராகவே இருப்பார். தன் பிள்ளையை நினைத்து இரவில் தூங்காதவராகவும் இருப்பார். அவர் வீட்டுக் கணக்கில் உங்கள் மகன் ஒன்றரை வரியாகிவிடுவான்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் சம்பளப் பதிவேடுகளை ஆராய்ந்து 2025-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஏஐ அதிகம் நுழைந்திருக்கிற தொழில்களில் 22 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் வேலை குறைந்திருக்கிறது. அதே தொழில்களில் அனுபவம் உள்ள மூத்தவர்களுக்குக் குறையவில்லை என்கிறார்கள். ஏணியின் உச்சியில் நிற்பவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள். கீழ்ப்படியைத்தான் உருவிவிட்டார்கள். காரைக்குடியில் ஏப்ரல் மாதம் நீங்கள் செய்ததும் இதுதான். உங்கள் மகனுக்கு வயது இருபதோ இருபத்தொன்றோ இருக்கும். அவன் கால் வைக்க வேண்டிய படி அது.

இனி ஐயாவிடம் வருகிறேன். பெட்டியடிப் பையன் என்று பெருமையாக எழுதிவிட்டீர்கள். அந்தப் பையன் என்ன வேலை செய்தான் என்று ஐயாவிடம் எப்போதாவது உட்கார்ந்து கேட்டதுண்டா? எங்கள் அப்பச்சியும் 13 வயதில் பினாங்குக்குப் போனவர். நம்மவர்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில் முதல் வருடம் அவருக்கு இருந்த வேலை மைக்கூட்டை நிரப்புவது, கணக்கு ஏடுகளைத் துணியில் சுற்றி வைப்பது, மேலாளுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாள் எழுதும்போது, அன்றாடக் குறிப்பான சிட்டையைப் பார்த்து எண்களை உரக்கப் படிப்பது. இரவில் கடையை நடத்தும் மேலாள் பேரேட்டைப் புரட்டும்போது பக்கத்தில் நின்று விளக்குப் பிடிப்பாராம். "விளக்குப் பிடித்துப் பிடித்தே ஐந்தொகைக் கணக்குப் படித்துவிட்டேன்" என்று எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எண்களை உரக்கப் படிக்கிற பையனுக்குக் கிட்டங்கி சோறு போட்டதே, அவன் படிப்பதில் என்ன லாபம் கண்டது? ஒன்றும் இல்லை. இன்றைக்குப் படிக்கிறவன் பத்து வருடத்தில் அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி, முதலாளி ஊரில் இருக்கும்போது மூன்றாண்டுத் தவணை முழுவதும் கடல் கடந்து கடையைத் தனியாக நடத்துவான் என்று நம்பித்தான் போட்டது.

பர்மாவில் நம் செட்டிநாட்டார் வட்டிக்கணக்கில் செய்ததெல்லாம் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஊர் விவசாயியின் நிலம் கடனில் கைமாறிய கதை நமக்குப் பெருமை சேர்க்காது. ஆனால் 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது நிலத்தையும் பத்திரங்களையும் அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வந்தார்களே, அவர்கள் தலைக்குள் இருந்த கணக்கை யாராலும் பறிக்க முடியவில்லை. அதை அவர்களுக்குள் வைத்தது அந்தப் பெட்டியடிதான்.

பில் பதிவு செய்வது மட்டமான வேலை, அதை இயந்திரம் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என் தம்பி மகனின் கடைக்குக் கணக்கு எழுதுகிற அலுவலகத்துக்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். புதுவயலிலிருந்து வருகிற ஒரு பெண் அங்கே இருந்தாள். திரையில் ஒரு பில்லைக் கணினி ஏற்கெனவே படித்து வைத்திருந்தது. அவள் அதைத் தள்ளிவிட்டு, காகிதத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். கார்பன் நகல், ஊதா எழுத்து, ஓரம் கலைந்திருந்தது. "ஆச்சி, இதில் 25 கிலோ மூட்டை என்று கணினி படித்திருக்கிறது. இந்த ஆலைக்காரர் இரண்டு வருடமாக 26 கிலோதான் போடுகிறார். ஆறு எழுதும்போது வயிற்றை மூட மாட்டார், நகலில் ஐந்து மாதிரி விழும்" என்றாள்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2022 ஜூலை 18 முதல், அடைத்துப் பெயர் ஒட்டி விற்கிற அரிசிக்கு 25 கிலோ மூட்டை வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடை என்றால் வரி இல்லை. அதனால்தான் நம் கடைகளில் 26 கிலோ மூட்டை தோன்றியது. ஓர் எண் மாறினால் வரி இருக்கிறது, இல்லை என்று மாறிவிடும். இத்தகைய இயந்திரம் கோடிக்கணக்கான எழுத்துகளைப் பார்த்துப் பழகி, பெரும்பாலும் எது வருமோ அதை எடுத்து வைக்கிறது. அது பார்த்துப் பழகியதில் 25 கிலோ மூட்டைதான் அதிகமாக இருந்திருக்கும். அந்த ஆலைக்காரரின் கையெழுத்து அதற்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லவும் இல்லை, தயங்காமல் 25 என்று வைத்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது? அதே ஆலையின் பில்களைக் கை வலிக்க வலிக்க ஆயிரக்கணக்கில் பதிவு செய்ததால் வந்தது. உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். 22 ஆண்டுக்கு முன்னால் யாரோ ஒருவர் உங்களை நம்பித் தன் பில் கட்டைக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு உங்கள் அலுவலகத்தில் வேலை தடையில்லாமல் நடக்கிறது என்றால், பிழையைப் பிடிக்க நீங்கள் இருப்பதால் நடக்கிறது. உங்களுக்கு அறுபது வயதாகும்போது யார் பிடிப்பார்கள்? 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது, இயந்திரம் கற்பனையாகச் சொன்னவை. 5,000 டாலர் அபராதம் விழுந்தது மனிதர்கள் மேல்தான். உங்கள் வாடிக்கையாளருக்கு நோட்டீஸ் வந்தால் அவர் மென்பொருளைத் தேடிப் போக மாட்டார், உங்கள் வீட்டு முகப்பில் வந்து நிற்பார்.

கட்டுப்படியாகாது என்பீர்கள். சரி, ஐயா பாணியிலேயே கணக்குப் போடுவோம். இரண்டு பேருக்கு மாதம் 18,000. மகனுக்கு நீங்கள் ஒதுக்கிய எட்டு லட்சத்தில் அவர்களுக்கு 44 மாதம் சம்பளம் கொடுக்கலாம், எட்டாயிரம் மிச்சமும் இருக்கும். மூன்று வருடம் எட்டு மாதம். நம் முன்னோர் ஒரு பையனை அனுப்பிவைத்த தவணையை விட நீளம். மகன் பணத்தை எடுத்து அவர்களிடம் கொடுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு தொகையையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள் என்கிறேன். பெயர் தெரியாத ஒரு படிப்புக்கு எட்டு லட்சம் கொடுக்கத் துணிந்த கைக்கு, கண் முன்னால் வேலை கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளின் ஒன்பதாயிரம் பாரமாகத் தெரிந்திருக்கிறது.

நம் வீடுகளில் வியாபாரக் கணக்கில் மகமை என்று ஒரு பங்கைத் தனியாக எழுதிவைப்பார்கள். கோயிலுக்கும் தருமத்துக்கும் அது போகும். இந்தத் தலைமுறையில் அலுவலகம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும், தொழில் கற்க வருகிற ஒரு பிள்ளைக்கான நாற்காலியை அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பேன். உங்கள் ஐயாவுக்கு யாரோ ஒரு முதலாளி பெட்டியடியில் இடம் கொடுத்தார். அந்தக் கடனை அவர் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்க இனி வழியில்லை. அடுத்து வருகிற பிள்ளைக்குத்தான் கொடுக்க முடியும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். சொல்லும்போது ஊரார் பிள்ளை என்கிற சொல்லை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

மென்பொருளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பில்லைப் படித்துத் தருகிறதென்றால் தரட்டும். அது படித்ததைச் சோதிக்கிற வேலையைப் பெண்களிடம் கொடுங்கள். நான் சொன்ன அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: மனிதர் வேலையை ஏஐ தானே எடுத்துச் செய்கிற தொழில்களில்தான் இளையவர்களுக்கு வேலை குறைந்திருக்கிறது, மனிதருக்குத் துணையாக இருக்கிற தொழில்களில் அப்படி இல்லை. இத்தனை நாள் பில் ஏற்றிக்கொண்டே இருந்ததில் அவர்களுக்குக் கிடைக்காத நேரம் இப்போது கிடைக்கும். ரிட்டர்ன் போடக் கற்றுக்கொடுங்கள். நோட்டீசுக்குப் பதில் எழுதக் கற்றுக்கொடுங்கள். இரண்டு பேருக்கும் முடியாது என்றால் ஒருத்தியையாவது திரும்பக் கூப்பிடுங்கள்.

மகனைப் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தப் படிப்பு நிலைக்கும் என்று இன்றைக்கு அடித்துச் சொல்கிறவர், அந்தப் படிப்பை விற்கிறவராக இருப்பார். உங்கள் பிள்ளை கட்டுரையை இயந்திரத்திடம் எழுதி வாங்குகிறான், நீங்கள் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு எழுதுகிறீர்கள். அது எனக்குக் கோபத்தைத் தருகிறது. விளக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்குகிற பையனை உங்கள் ஐயா கெட்டிக்காரன் என்று சொல்லியிருப்பாரா? தேர்வு முடிந்ததும் அவனை உங்கள் அலுவலகத்தில் உட்காரவையுங்கள். ஓர் அரிசி ஆலையின் ஒரு மாத பில் கட்டை அவன் கையால் பதிவு செய்து முடிக்கட்டும். அதன் பிறகு இயந்திரம் செய்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் இருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அந்தப் பெண்களில் ஒருத்தி. முதலாளி மகனுக்கு அது கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

இந்த வேலையைப் போனில் முடிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நேரில் போங்கள். வண்டியை மகன் ஓட்டட்டும். வாசலில் நின்று பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்து, அவளுடைய அப்பாவும் அம்மாவும் இருக்கும்போது கேளுங்கள். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன் என்று அவள் சொல்லலாம், வர விருப்பமில்லை என்றும் சொல்லலாம், அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. அப்படியானால் தெரிந்த பெண் யாராவது வேலை தேடுகிறாளா என்று கேட்டுவிட்டு வாருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். இந்த முறை அவளுடைய பெயரையும் எழுதுங்கள். நான் வெளியிட மாட்டேன்.