தூண்கள் ஏன் சாய்கின்றன?

கேள்வி: பழைய தேவாலயங்களைப் பென்சிலில் வரைகிறேன். வெளியே நின்று கோபுரம் வரைந்தால் ஒழுங்காக வருகிறது. உள்ளே உட்கார்ந்தால் மட்டும் தூண்கள் சாய்கின்றன, வளைவுகள் கோணிக்கொள்கின்றன. ஏன்?

பதில்: அநேகமாக நீங்கள் கூரையிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். அண்ணாந்து பார்த்ததும் யாருக்கும் கை அங்கேதான் ஓடும். ஆனால் பிரான்ஸின் ஆமியான் பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நடுக்கூடத்தின் உயரம் சுமார் 42 மீட்டர், அகலமோ 15 மீட்டர்கூட இல்லை. இதை ஒரே பார்வையில் அடக்க முடியாது, மேலே ஒரு தடவை கீழே ஒரு தடவை என்று தலை ஆடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தூண் வேறு கோணத்தில் தாளில் இறங்கும். அதனால் முதலில் கண்மட்டக் கோட்டை, அதாவது உங்கள் கண் இருக்கிற உயரத்தைக் காட்டும் கிடைக்கோட்டை, போடுங்கள். தரைக்குப் பக்கத்தில், தாளின் அடியில்தான் வரும், பரவாயில்லை. அந்தக் கோட்டிலேயே மறைபுள்ளியை (தூரத்துக்குப் போகிற கோடுகள் எல்லாம் சேர்கிற இடத்தை) குறித்துவிட்டு, நெட்டுக்கோடுகளை எல்லாம் தாளின் ஓரத்துக்கு இணையாக நிறுத்திவிடுங்கள்.

முதல் இரண்டு தூண்களைக் கண்ணால் அளந்து போட்டால் போதும். முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாவதன் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள், தூண்களின் அடிகளைத் தொட்டபடி மறைபுள்ளிக்குப் போகும் தரைக்கோட்டை அது தொடும் இடத்தில் மூன்றாவது தூண் நிற்கும். வளைவுக்கும் இதே மாதிரிதான்: இரு தூண்களுக்கு நடுவில் உள்ள கட்டத்துக்கு மூலைவிட்டங்கள் போட்டு, அவை வெட்டும் இடத்துக்கு நேர் மேலே உச்சியை வையுங்கள். தாளில் அளந்து சரிபாதியில் வைத்தீர்களோ, வளைவு கோணிவிடும்.

17-ம் நூற்றாண்டு டச்சு ஓவியர் பீட்டர் சான்ரெடாமின் படங்களைத் தேடிப் பாருங்கள். ஆலயத்தில் உட்கார்ந்து வரைவார், அப்புறம் அளவுகளை வைத்து ஸ்கேல் பிடித்து அதே படத்தை மறுபடி வரைவார், வர்ணம் சில சமயம் வருஷக்கணக்கில் கழித்துத்தான். 1636-ல் அவர் உத்ரெக்ட் நகரில் வரைந்த மரியா ஆலயம் 19-ம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. இன்று அதன் உள்பக்கத்தைப் பார்க்க அவர் படங்களை விட்டால் நல்ல வழி இல்லை.

கேள்வி: ஜன்னல் வெளிச்சம் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. எந்தப் பென்சில் வாங்கலாம்?

பதில்: கடையில் தீர்கிற விஷயம் இல்லை இது. பென்சிலில் வெளிச்சம் என்றால் தொடாமல் விட்ட தாள், அவ்வளவுதான். ஜன்னலைச் சுற்றியுள்ள சுவரை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருட்டாக்குங்கள். ஜன்னலையே பார்த்தால் சுவர் கறுப்பாகத் தெரியும், கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தால் அதில் நூறு விவரம் தெரியும், இரண்டையும் ஒரே படத்தில் போட ஆசைப்பட்டால் எல்லாம் சாம்பலாகிவிடும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண எச்பி பென்சிலை அழுத்தி அழுத்திக் கறுப்பு வரவழைக்க வேண்டாம், தாள் பளபளக்கும், அதற்கு மேல் எதுவும் ஏறாது. அதைவிட மென்மையான 2பியில் லேசாகப் பல அடுக்கு, ஆழமான நிழலுக்கு மட்டும் இன்னும் மென்மையான 6பி. தரையில் விழும் வெளிச்சத்தின் எல்லையை முதல் பத்து நிமிடத்திலேயே கோடு போட்டுக் குறித்துவிடுங்கள், வெயில் நகர்ந்தாலும் அதைத் துரத்தக் கூடாது.