யூரெயில் பாஸ் கையில் இருக்கிறது, சீட்டுக்குத் தனியாகக் காசா?

கேள்வி: ஜூன் மாதம் நான், மனைவி, 9 வயது மகள் மூவரும் பாரிஸ், சூரிச், மிலான், ரோம், வியன்னா என்று ரயிலிலேயே சுற்றப் போகிறோம். ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களில் ஒரே பாஸில் போகும் யூரெயில் குளோபல் பாஸ் வாங்கியாகிவிட்டது. இப்போது 'சீட் ரிசர்வேஷன் தனி' என்கிறார்கள். எல்லா ரயிலுக்கும் வேண்டுமா? எதை முதலில் போடுவது?

பதில்: எல்லாவற்றுக்கும் வேண்டாம். நகரம் விட்டு நகரம் போக உங்களுக்கு நான்கு பெரிய பயணங்கள் இருக்கின்றன. முதலில் போட வேண்டியது பாரிஸ்–சூரிச், அடுத்து ரோம்–வியன்னா இரவு ரயில். மற்றவை பதறாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ் என்பது பயணச்சீட்டு மட்டும்தான். பிரான்ஸின் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலியின் ஃப்ரெச்சியாரோஸா, ஸ்பெயினின் ஏவிஇ ஆகிய அதிவேக ரயில்களிலும் இரவு ரயில்களிலும் சீட் ரிசர்வேஷன் இல்லாமல் ஏறவே முடியாது. அந்த ரிசர்வேஷனுக்குத்தான் இந்தத் தனிக் கட்டணம். பிரான்ஸுக்குள் ஓடும் டிஜிவிக்கு ஒருவருக்கு 10 அல்லது 20 யூரோ என்றால், பாரிஸ்–சூரிச் டிஜிவி லிரியா போன்ற எல்லை தாண்டும் ரயில்களுக்கு அதைவிடக் கூடும்.

லிரியாவில் காசைவிடப் பெரிய தலைவலி ஒதுக்கீடு. பாஸ்காரர்களுக்கென்று கொஞ்சம் இடங்கள்தான் வைத்திருப்பார்கள். அவை தீர்ந்தபின், அதே ரயிலில் முழு விலை டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தாலும் பாஸுக்கான ரிசர்வேஷன் உங்களுக்குக் கிடைக்காது. நம் ஊர்போல வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி எல்லாம் கிடையாது. ஜூனில் கூட்டமும் அதிகம், தேதி முடிவானதுமே போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் அதிகாலை ரயிலையோ வார நடுவில் ஒரு நாளையோ பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பாரிஸ் எஸ்ட் நிலையத்திலிருந்து முலூஸ் வரை டிஇஆர் வட்டார ரயில், அங்கிருந்து இன்னொரு டிஇஆரில் பாசெல், அப்புறம் சூரிச். நேரம் நிறையப் பிடிக்கும், ஆனால் ரிசர்வேஷன் தேவையே இல்லை.

சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவின் உள்நாட்டுப் பகல் ரயில்கள் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லாதவை. ரிசர்வ் செய்யாமல் ஏறுவது என்றதும் நம் அன்ரிசர்வ்டு பெட்டியை நினைத்துப் பயப்பட வேண்டாம். காலியாக இருக்கும் சீட்டில் உட்காரலாம். மேலே பலகையில் ஊர்ப்பெயர்கள் தெரிந்தால் அந்தத் தூரத்துக்கு வேறு யாரோ பதிந்திருக்கிறார்கள் என்று பொருள்.

நாடு விட்டு நாடு ஓடும் சூரிச்–மிலான் நேரடி யூரோசிட்டி ரயிலில் எல்லை தாண்ட ரிசர்வேஷன் கட்டாயம். நானாக இருந்தால் அதை விட்டுவிடுவேன். ஒரு முழு நாளை ஒதுக்க முடிந்தால், சூரிச்சிலிருந்து கூர், சென் மோரிட்ஸ் வழியாகத் தீரானோ போய் அங்கிருந்து மிலானுக்கு வட்டார ரயில் பிடியுங்கள். இந்த வழியில் வருவதுதான் யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பெர்னினா பாதை. பல்சக்கரத்தின் துணை இல்லாமலே கடல் மட்டத்திலிருந்து 2,253 மீட்டர் உயரம் வரை ஏறி, இறங்கும்போது புரூசியோவில் கல் பாலத்தின் மேல் ஒரு முழு வட்டம் அடிக்கிறது. 'பெர்னினா எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் ஓடும் சுற்றுலா ரயிலுக்குத்தான் ரிசர்வேஷன். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலில் பாஸை வைத்துக்கொண்டு சும்மா ஏறலாம். ஜன்னலைத் திறந்து போட்டோ எடுக்க இதுதான் வசதி.

மிலான்–ரோம் ஃப்ரெச்சியாரோஸாவுக்கு ரிசர்வேஷன் வேண்டும், ஆனால் ரயில்கள் அடிக்கடி இருப்பதால் கவலையில்லை. இத்தாலோ என்ற தனியார் ரயிலில் மட்டும் பாஸ் செல்லாது, பார்த்து ஏறுங்கள்.

ரோம்–வியன்னா இரவு ரயிலான நைட்ஜெட்டில் வெறும் சீட்டும் உண்டு, குறைந்த செலவு. குழந்தையோடு அது வேண்டாம். மூன்று பேர் படுக்கும் தூங்கும் அறை கிடைத்தால் உங்கள் குடும்பத்துக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கும், விலைதான் கொஞ்சம் கடிக்கும். அடுத்தது நான்கு படுக்கை கூபே, அதில் வேறொருவர் கூட வருவார். உங்கள் பாஸ் இத்தனை பயண நாட்கள் என்று எண்ணிக்கை வைத்த வகை என்றால், இரவு ரயிலுக்குப் புறப்படும் தேதி மட்டுமே பயண நாளாகக் கணக்காகும். வியன்னாவில் இறங்கியபின் அன்றே பாஸில் வேறு ரயில் ஏறினால் இன்னொரு நாள் போய்விடும்.

ரிசர்வேஷனை யூரெயில் தளத்திலேயே வாங்கலாம், சேவைக் கட்டணம் சிறிது உண்டு. நைட்ஜெட்டுக்கு ஆஸ்திரிய ரயில்வேயான ஓபிபியின் தளத்தில், தள்ளுபடிப் பகுதியில் யூரெயில் பாஸைத் தேர்ந்தெடுத்துப் பதிவதே நேரடி வழி. மகளின் பாஸ் இலவசம்தான், சீட்டுக்கு மட்டும் அவளுக்கும் காசு கட்ட வேண்டும். டிக்கெட் பரிசோதகர் வரும்போது ரிசர்வேஷன் தாளை மட்டும் நீட்டினால் போதாது. ரயில் பிளானர் ஆப்பில் அந்த ரயிலைச் சேர்த்து, அந்த நாளை ஆக்டிவேட் செய்து, க்யூஆர் கோடையும் காட்ட வேண்டும். அதே ஆப்பில் ரிசர்வேஷன் தேவைப்படாத ரயில்களை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதியும் இருக்கிறது.

ரோமிலிருந்து நேப்பிள்ஸ் போய்வர நினைத்தால் அதற்குப் பாஸில் ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள். வட்டார ரயிலுக்குத் தனி டிக்கெட் எடுப்பது மலிவு.