தப்பு கார்க்காரர் மேல்தான், பைக்கை விற்கணுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. பல வருடங்களாக பைக்கில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். போன மாதம் ஒரு சந்திப்பில் நேராகப் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே வந்த கார் திடீரென்று என் குறுக்கே திரும்பிவிட்டது. மோதி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. ஹெல்மெட்டில் கீறலோடு தலை தப்பியது. 'உங்களைப் பார்க்கவே இல்லை' என்கிறார் கார்க்காரர். நான் வேகமாகவும் போகவில்லை, சிக்னலையும் மீறவில்லை. ஆனால் பைக்கை விற்றே ஆக வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக இருக்கிறார். தப்பே செய்யாத நான் எதற்கு பைக்கை விட வேண்டும்?

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை என்று நானும் நம்புகிறேன், உங்கள் மனைவியும் நம்புவார். அவர் பயப்படுவதே அதனால்தான். தப்பு செய்து விழுந்திருந்தால், 'இனிமேல் அப்படி ஓட்ட மாட்டேன்' என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஒழுங்காக ஓட்டியும் விழுந்தவர் நாளைக்கு எதை மாற்றிக்கொள்ளப் போகிறார்? இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் பைக்கை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர் சொல்வதுதான் நியாயம்.

உங்களுக்கு நடந்தது அபூர்வமான விபத்தே இல்லை. ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை கொடுத்தது. ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, வேறொரு வண்டியோடு மோதிய விபத்துகள். அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய மற்ற வண்டிக்காரர் வழிவிடவில்லை. இன்னொரு விஷயம்: ஆபத்து கண்ணில் படுவதற்கு முன்னால் பாதிப்பேர் மணிக்கு 48 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் போயிருக்கிறார்கள். 'நான் வேகமாகப் போகவில்லை' என்பது அவர்களும் சொல்லியிருக்கக்கூடிய வசனம்தான்.

'பார்க்கவே இல்லை' என்று அந்தக் கார்க்காரர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. காரின் முன்கண்ணாடிக்கு இரு பக்கமும் கூரையைத் தாங்கும் தூண்கள் இருக்கின்றன. ஒரு பைக் முழுவதும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும்போது கண் தாவித் தாவித்தான் பார்க்கிறது. தாவும் நேரத்தில் இடையில் இருப்பது மூளையில் பதிவதில்லை. பைக் தெரிந்தாலும் கணக்கு தப்பும். உருவம் சிறியது என்பதால், தூரத்தில்தானே வருகிறது என்று தோன்றிவிடும். இதெல்லாம் அவர் செய்ததை நியாயப்படுத்தாது. ஆனால் இன்னொரு சந்திப்பில் இன்னொருவர் இதையே செய்வார் என்று வைத்துக்கொண்டுதான் நீங்கள் ஓட்ட வேண்டும்.

அப்படியென்றால் சந்திப்பு நெருங்கும்போதே ஆக்சிலரேட்டரைக் குறைத்து, விரல்களை முன் பிரேக் லீவர் மேல் வைத்துவிடுங்கள். பகலிலும் ஹெட்லைட் எரியட்டும். திரும்பக் காத்திருக்கும் காரைப் பார்த்தால் உங்கள் லேனுக்குள்ளேயே லேசாக ஒதுங்கி இடம் மாறுங்கள். நேர்கோட்டில் வருவதைவிடப் பக்கவாட்டில் அசைவது சட்டென்று கண்ணில் படும். ஓட்டுநரின் கண்களை நம்பாதீர்கள். உங்களை நேராகப் பார்த்துக்கொண்டே திரும்புகிறவர்கள் உண்டு. காரின் முன்சக்கரத்தைக் கவனியுங்கள், வண்டி கிளம்புவது அங்கேதான் முதலில் தெரியும்.

லீவர் மேல் விரலை வைப்பதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுகிறோம். விரல் தயாராக இருந்தால் அதில் சில மீட்டராவது மிச்சம். பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவைப்படும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40-ல் போவதற்கும் 60-ல் போவதற்கும் இரண்டே கால் மடங்கு வித்தியாசம்.

பிரேக் பிடிப்பதிலும் நிறையப் பேருக்குப் பழைய பயம் ஒன்று இருக்கிறது: முன் பிரேக்கைத் தொட்டால் கவிழ்த்துவிடும் என்று. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போவதால், காய்ந்த சாலையில் பைக்கை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் மிதித்துச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டு போவதை ஹர்ட் குழுவும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. வெடுக்கென்று பிடிக்காமல், அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆளில்லாத காலி இடத்தில் குறைந்த வேகத்தில் ஆரம்பித்துப் பழகுங்கள், அவசரத்தில் கை தானாகச் செய்வதுதான் உதவும். அடுத்து வண்டி மாற்றினால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ளதாகப் பாருங்கள். கூடுதல் வசதி எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஒரு சிக்கல், அந்த முன் பிரேக் உங்கள் உடைந்த கையில் இருக்கிறது. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்னால் மட்டும் போதாது. லீவரை முழுப் பலத்தோடு வலியில்லாமல் பிடிக்க முடிகிறதா என்று நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

சரி, ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டீர்களே! அந்தக் கீறல் விழுந்த ஹெல்மெட்டையே மறுபடி போடுவதாக எண்ணமா? உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது, நசுங்கிய இடம் பழையபடி எழும்பாது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. புதிதாக வாங்குங்கள், தலையோடு இறுக்கமாக உட்காரும் அளவில். தாடை வாரை மாட்டாமல் ஓட்டுவதற்கு அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். ஹெல்மெட்டைச் சரியாக அணிந்தால் விபத்தில் உயிர் போகும் அபாயம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குடி, தூக்கக் கலக்கம், வளைவில் கிடக்கும் மணல் இவையெல்லாம் உங்கள் கடிதத்தில் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். அவை உங்களுக்குத் தெரிந்தவைதான்.

இவ்வளவு செய்தாலும் ஆபத்து பூஜ்யமாகாது. கார் பயணத்தைவிட பைக் எப்போதுமே ஆபத்தானது, உங்களைச் சுற்றித் தகடு எதுவும் இல்லை. இதை மனைவியிடம் மறைக்காதீர்கள். 'தப்பு என் மேல் இல்லை' என்று இன்னொரு தடவை வாதாடாமல், இனி எதை மாற்றப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். இரவிலும் மழையிலும் எடுக்க மாட்டேன், வேறு வழி இருக்கும் நாட்களில் பைக் வேண்டாம் என்று உங்களால் விட்டுக்கொடுக்க முடிந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று மாதம் பார்ப்போம் என்று அவர் சம்மதித்தால் நல்லது. அப்புறமும் நீங்கள் வீடு திரும்பும்வரை அவர் தவித்துக்கொண்டுதான் இருப்பார் என்றால், என் ஓட்டு அவருக்கே.