ராக் அண்ட் ரோல் மீது வீண் பழி

கேள்வி: பென்னி குட்மேன், கவுன்ட் பேஸி காலத்து ஸ்விங் பேண்டுகளை (ஆட்டத்துக்கு வாசித்த பெரிய ஜாஸ் குழுக்களை) ஒழித்துக்கட்டியது ராக் அண்ட் ரோல்தானே?

பதில்: இல்லை. 1946 கடைசியில் சில வாரங்களுக்குள் குட்மேன், டாமி டார்சி, ஹாரி ஜேம்ஸ், வுடி ஹெர்மன் எல்லோரும் பேண்டைக் கலைத்தார்கள். ராக் அண்ட் ரோல் நட்சத்திரம் எல்விஸுக்கு அப்போது வயது 11!

ஒரு பேண்டில் தலைகளை எண்ணுங்கள். சாக்ஸபோன் 5, டிரம்பெட் 4, டிராம்போன் 3, பியானோ, கிடார், பாஸ், டிரம்ஸ். பாடகர் தனி. இத்தனை பேரும் ஆளாளுக்கு மனோதர்மம் பாடினால் சந்தை இரைச்சல்தான் மிஞ்சும். ஜாஸ் இசைக்கலைஞர் பிளெட்சர் ஹெண்டர்சன் அதை எழுத்தில் அடக்கினார்: சாக்ஸபோன்கள் ஒரே வாயாக ஒரு வரி வாசிக்கும், அது மூச்சுவிடும் இடத்தில் டிரம்பெட்டும் டிராம்போனும் வெட்டிப் பதில் சொல்லும், நடுவே ஒருவர் எழுந்து தனியாக வாசிப்பார். அந்தத் தாள்களை வைத்துத்தான் 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பாலோமர் மண்டபத்தில் குட்மேன் கொடி நாட்டினார். நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டி ஒலித்த அவருடைய வானொலி நிகழ்ச்சி, மூன்று மணி நேர வித்தியாசத்தால் கலிஃபோர்னியாப் பிள்ளைகளுக்கு விழித்திருக்கும் நேரத்திலேயே கிடைத்திருந்தது.

பதினாறு பேருக்குச் சம்பளம், பஸ், தங்குமிடம். தினம் ஓர் ஊர். மண்டபம் நிரம்பினால்தான் கட்டுப்படியாகும். இரண்டாம் உலகப் போர் வந்தது. வாசிப்பவர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள், பெட்ரோலும் டயரும் ரேஷனுக்குப் போயின. போதாததற்கு, பெட்ரில்லோ தலைமையிலான இசைக்கலைஞர் சங்கம் கம்பெனிகளிடம் ராயல்டி கேட்டு 1942 ஆகஸ்ட் 1 முதல் இசைத்தட்டுப் பதிவை நிறுத்தியது. பாடகர்களை அந்தத் தடை கட்டுப்படுத்தவில்லை. கம்பெனிகள் கோரஸைப் பின்னால் நிறுத்திப் பாடகர்களை வைத்தே தட்டுப் போட்டன. 1944 நவம்பரில் கடைசி இரண்டு பெரிய கம்பெனிகளும் இறங்கிவந்தபோது, ஜனங்களின் காது பாடகர் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. சங்கம் வெட்டிய குழியில் சங்கத்துக்காரர்களே விழுந்தார்கள்.

யாரும் அதிகம் பேசாத வில்லன், 1944-ல் அமெரிக்க அரசு உயர்த்திய கேபரே வரி. ஆட்டமோ பாட்டோ இருந்தால் சாப்பாடு, மதுவோடு சேர்த்து மொத்த பில்லுக்கும் 30 சதவீதம். சில மாதங்களில் 20 ஆனது. வெறும் வாத்தியம் என்றால் வரி இல்லை. முதலாளி என்ன செய்வார்? ஆடும் இடத்தில் மேஜை போட்டார், நாலைந்து பேர் கொண்ட குழுவை அழைத்தார். உட்கார்ந்து கேட்க வேண்டிய புதிய ஜாஸ் பாணியான பீபாப்புக்கு அது வசதியாகப் போயிற்று.

பேஸியே 1950-ல் ஏழெட்டுப் பேராகச் சுருங்கினார். ஆனால் 1952-ல் பெரிய பேண்டை மறுபடி கூட்டினார். நீங்கள் பழி போடும் ராக் அண்ட் ரோல் வானொலியைப் பிடித்த வருடங்களில், அவர் பதினாறு பேரோடு ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தார்.