வேட்பாளர் தகுதி: கோர்ட்டா, ஓட்டா? பரிசீலனை மேசையில் உட்கார்ந்த ஒருவனின் பதில்

"ஒருவர் தேர்தலில் நிற்கலாமா கூடாதா என்பதை நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டுமா, மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?" இதுதான் கேள்வி.

கோர்ட்டும் சரி, மக்களும் சரி, பிறகுதான் வருகிறார்கள். முதலில் முடிவு செய்வது தேர்தல் நடத்தும் அலுவலராக உட்காரும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) மாதிரி ஓர் அதிகாரி. நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் பக்கத்து நாற்காலியில், வேட்புமனுக் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, பரிசீலனை நாளைக் கழித்த அனுபவம் உண்டு. மனு வாங்குவது கடைசி நாள் மாலை 3 மணியோடு முடியும். மறுநாள் காலையில் பரிசீலனை. சாயங்காலத்துக்குள் யார் பெயர் நிற்கும், யார் பெயர் நிற்காது என்பது அநேகமாகத் தெரிந்துவிடும்.

2011-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சுயேச்சை வந்திருந்தார். தையல் கடை வைத்திருப்பவர். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். இவர் கடைசி நாள் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கூட்டத்தோடு கூட்டமாக வந்து மனுவைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஏழாவது கையெழுத்துக்காரர் பக்கத்துத் தொகுதி. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் இன்னொரு தொகுதி. அவருடைய மச்சினன்தானாம். எழுத்துப்பிழை மாதிரி சின்னக் குறை என்றால் அதற்காகத் தள்ளக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பத்துக்கு ஒன்பது என்பது சின்னக் குறையில் சேராது. தள்ளுபடி. "ஒரு ஓட்டு விழறதுக்கு முன்னாடியே முடிச்சுட்டீங்களே சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்து எடுத்த கட்டு கனமானது. பிரமாணப் பத்திரத்தில் வழக்கு விவரம் மட்டும் மூன்று பக்கம். எந்தக் காவல் நிலையம், குற்ற எண், எந்தப் பிரிவு, எந்தக் கோர்ட்டில் நிலுவை, எல்லாம் அச்சடித்த மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை, நோட்டரி முத்திரை பளிச்சென்று இருந்தது. மனு ஏற்பு. சட்டப்படி அதுதான் சரி. வழக்கு இருப்பது தடையில்லை, அதை மறைப்பதுதான் வம்பு. எனக்கு மட்டும் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானதும் இந்த மாதிரிதான். முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் அது எங்கள் கையெழுத்தே இல்லை என்று சொல்லிவிட்டதாகக் காரணம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தையல்காரர் ஞாபகம்தான் வந்தது.

சரி, தள்ளுபடியானால் உடனே கோர்ட்டுக்குப் போக முடியாதா? முடியாது. அதற்கும் காரணம் நம் ஊர் வழக்குதான். 1951 கடைசியில், முதல் பொதுத்தேர்தலின்போது, நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் மனு தள்ளுபடியானது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1952 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது, தேர்தல் தொடங்கிவிட்டால் நடுவில் நாங்கள் கைவைக்க மாட்டோம், எல்லாம் முடிந்த பிறகு முடிவை எதிர்த்துத் தேர்தல் மனு போட்டுக்கொள்ளுங்கள் என்று. அரசியலமைப்பின் 329-வது பிரிவு அப்படி. இன்றைக்கும் நாட்டின் எந்த மூலையில் மனு தள்ளுபடியானாலும் வக்கீல்கள் நாமக்கல் வழக்கைத்தான் எடுப்பார்கள்.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். 2000 அக்டோபரில், அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் ஜெயலலிதாவுக்குச் சிறப்பு நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் போட்டியிட முடியாது என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-வது பிரிவு. உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது, குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்தவில்லை. பலரும் குழம்பும் இடம் இதுதான். தண்டனையை நிறுத்தினால் ஜெயிலுக்குப் போக வேண்டாம், அவ்வளவே. தீர்ப்பை நிறுத்தினால்தான் மனு நிற்கும்.

2001 தேர்தலில் அவர் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு இடங்களில் மனுப் போட்டார். சிலவற்றைத் தண்டனையைக் காட்டித் தள்ளினார்கள். இரண்டு தொகுதிக்கு மேல் போட்டியிடக் கூடாது என்ற விதியைக் காட்டி மீதியையும் தள்ளினார்கள்.

என் அத்தை வீடு ஆண்டிபட்டிப் பக்கம். அந்த வாரம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். நான் தாலுகா ஆபீஸ்காரன் என்பதால் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஊரு ஓட்டுப் போடணும்னு நிக்குது. குறுக்க ஒரு ஆபீசர் வந்து வேணாங்குறாரு. அப்புறம் எதுக்கு மாப்ள எலக்‌ஷன்?" நான் 8-வது பிரிவைச் சொன்னேன். "அந்தப் பிரிவ யாரு எழுதுனா?" என்றார். நாடாளுமன்றம் என்றேன். "அவுகள யாரு அனுப்புனா?" நாம்தான் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "நம்ம அனுப்புன ஆளு எழுதுன சட்டத்த நம்மளே மாத்தக் கூடாதா?" என்று கேட்டார். சட்டத்தை மாற்றலாம் மாமா, ஆனால் ஓர் ஆளுக்காக ஒரே நாளில் ஓட்டுப் பெட்டியில் வைத்து மாற்ற முடியாது என்று நான் சொன்னது பந்திக்குக் கூப்பிடும் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். கூட்டணி ஜெயித்தது. வேட்பாளராகக்கூட நிற்க முடியாதவர் மே 14 அன்று முதல்வரானார். சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற 164-வது பிரிவைப் பிடித்துக்கொண்டார்கள். பதவிப் பிரமாணம் செய்துவைத்த ஆளுநர் பாத்திமா பீவி, உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர்! செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்த நியமனம் செல்லாது என்றார்கள். ஆறு மாதச் சலுகை, உறுப்பினராகும் தகுதி உள்ளவருக்குத்தான். மக்கள் விருப்பம் என்று பெரும்பான்மைக் கட்சி சொல்வது அரசியலமைப்புக்குள் அடங்கினால்தான் செல்லும். தீர்ப்பின் சாரம் இது. ஓ. பன்னீர்செல்வம் முதல்முறையாக முதல்வரானது அப்படித்தான்.

அந்தத் தீர்ப்பு சரி என்பதுதான் இன்றும் என் கருத்து. சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆக வேண்டும். 24 வயதுப் பையனை ஊரே தூக்கிக் கொண்டாடினாலும் விட்டுவிடலாம் என்று யாரும் சொல்வதில்லை. வயசுக்கு ஒப்புக்கொள்ளும் விதியைத் தண்டனைக்கு மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறோம்? "நிற்கலாமா" என்பது விதி. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்தது, கட்சி பார்க்காதது. "இவர் வேண்டுமா" என்பதுதான் ஓட்டு.

ஆனால் இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிவதில்லை. ஏனென்றால் கதை அங்கே முடியவில்லை. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை டான்சி வழக்கில் விடுதலை செய்தது. ஆண்டிபட்டியில் ஜெயித்திருந்த தங்க தமிழ்ச்செல்வன் விலக, 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா அதே தொகுதியில் நின்று வென்றார், மார்ச்சில் மறுபடி முதல்வர். 2003-ல் உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது, அந்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்து மனச்சாட்சிக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்ற அறிவுரையோடு. அப்படியானால் 2001-ல் ஆண்டிபட்டிக்காரர்களிடம் இருந்து எடுத்த வாய்ப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? மாமா இதை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், போய்ச் சேரும் வரைக்கும்.

இதையே தலைகீழாகக் காட்டுவது ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு. 1996-ல் தொடங்கியது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. பதவி போனது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது, பதவி வந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 2016 தேர்தல் நடந்து, மக்கள் மறுபடி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பரில் அவர் இறந்தார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் பெங்களூரு தீர்ப்பே சரி என்றது. இறந்தவர் மீதான வழக்கு அற்றுப்போனது. சசிகலா உள்ளிட்ட மூன்று பேர் சிறைக்குப் போனார்கள். அந்த வாரம் முதல்வர் நாற்காலிக்காகக் காத்திருந்தவர் சசிகலா.

ஒரே தலைவர், இரண்டு வழக்கு. ஒன்றில் கோர்ட் முந்திக்கொண்டது, இன்னொன்றில் பிந்திவிட்டது. இரண்டிலும் இடிபட்டது ஓட்டுப் போட்டவர்தான். சொத்துக்குவிப்பு வழக்கு நடந்த காலத்தில் 2001, 2006, 2011, 2016 என நான்கு சட்டமன்றத் தேர்தல்கள் வந்து போயின. நாட்டின் கடைசித் தீர்ப்பு என்னவென்று தெரியாமல் நான்கு முறை மையிட்டுக்கொண்டோம். ஆகவே என் சண்டை கோர்ட்டா மக்களா என்பதில் இல்லை, காலண்டரோடுதான். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான இந்த மாதிரிக் குற்ற வழக்குகளில், நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவான ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொன்னது. எத்தனை முடிந்தன என்று உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் பிரமாணப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், தேர்தல் ஆணையத் தளத்தில் கிடைக்கும்.

தேர்தல் மனுக்கள் இன்னும் மோசம். 2016-ல் ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். செல்லாது என்று தள்ளிய தபால் ஓட்டுகள் 203. சான்றொப்பம் போட்ட தலைமை ஆசிரியர்களின் கையெழுத்து செல்லுமா செல்லாதா என்பது பிரச்சினை. 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கையே நடந்தது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளும் முடிந்தது. உத்தரப்பிரதேசத்தில் எம்.எல்.ஏ.வான அப்துல்லா ஆசம் கானுக்கு 2017-ல் நிற்கும்போது 25 வயது ஆகவில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். வயசைக் கண்டுபிடிக்கவே இரண்டரை ஆண்டுக்கு மேல்!

இன்னொரு உறுத்தல், அந்த "இரண்டு ஆண்டு" என்ற கோடு. 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் அவதூறு வழக்கில் ராகுல் காந்திக்குக் கொடுத்தது சரியாக இரண்டு ஆண்டு. அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் உள்ள உச்சபட்சமே அதுதான். மறுநாள் பதவி போனது. 2013-ல் லில்லி தாமஸ் வழக்கின் தீர்ப்புக்கு முன்பு என்றால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாத அவகாசம் இருந்திருக்கும். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தபோது கேட்டது நல்ல கேள்வி: ஒரு நாள் குறைத்துக் கொடுத்திருந்தால் பதவி போயிருக்காதே, உச்சபட்சத்துக்குக் காரணம் எங்கே? அவருடைய தொகுதியான வயநாட்டின் வாக்காளர்களையும் அந்த உத்தரவில் நினைத்துப் பார்த்தார்கள். ஆக, ஒரு மாஜிஸ்திரேட் எழுதும் எண் ஒரு தொகுதியின் குரலை எடுத்துவிட முடிகிறது. தமிழக அமைச்சராக இருந்த பொன்முடி விஷயத்திலும், தண்டனையால் 2023 டிசம்பரில் போன பதவி 2024 மார்ச்சில் திரும்பி வந்தது.

அதனால்தான் குற்றச்சாட்டு பதிவானாலே நிற்கத் தடை என்ற யோசனை எனக்குப் பயமாக இருக்கிறது. சாலை மறியலில் உட்கார்ந்தவர் மீதெல்லாம் வழக்கு இருக்கும் ஊர் இது. எந்தக் கட்சி ஆட்சியோ அந்தக் கட்சிக்கு வேண்டாதவர் மேல் எப்.ஐ.ஆர். விழும். 2018-ல் உச்ச நீதிமன்றமும் இதில் இறங்காமல், நாடாளுமன்றம்தான் சட்டம் செய்ய வேண்டும் என்று ஒதுங்கியது. பதிலாக வழக்கு விவரத்தைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்யச் சொன்னது. அந்த விளம்பரம் எந்தப் பக்கத்தில், எந்த எழுத்தளவில் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

அமெரிக்காவில் சிறையில் இருந்துகொண்டே 1920-ல் யூஜின் டெப்ஸ் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். தண்டனை அங்கே தடையில்லை. 2024 மார்ச்சில் டிரம்பைக் கொலராடோ மாநிலம் ஓட்டுச்சீட்டில் இருந்து தள்ளிவைத்தது செல்லாது என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி, நாமும் மக்களிடமே விட்டுவிடலாம் என்பவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பு, மக்களே எல்லாம் என்று சொல்லவில்லை. ஒரு மாநிலம் தனியாக அதைச் செய்ய முடியாது என்றுதான் சொன்னது. நம் ஊர் விசித்திரம் வேறு: விசாரணைக் கைதி சிறையில் இருந்தபடி போட்டியிடலாம், ஓட்டுப் போட முடியாது. 2024-ல் பாராமுல்லாவில் பொறியாளர் ரஷீத் அப்படித்தான் எம்.பி. ஆனார்.

அந்தத் தையல்காரர் 2016-ல் மறுபடி வந்தார். மனு வாங்கத் தொடங்கிய முதல் நாளே, பதினோரு மணிக்கு. பத்துப் பேரையும் வேனில் கூட்டி வந்து, வாக்காளர் பட்டியலின் நகலில் ஒவ்வொரு பெயருக்கும் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார். "எண்ணிப் பாருங்க சார்" என்றார். எண்ணிப் பார்த்தேன். மச்சினன் அதில் இல்லை. முன்னூற்றுச் சில்லறை ஓட்டு வாங்கினார், டெபாசிட் பத்தாயிரம் போச்சு. முடிவு அறிவித்த அன்று எண்ணும் மையத்து வாசலில் பார்த்தபோது, யார் யார் போட்டிருப்பார்கள் என்று தெருவாரியாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.