தரையில் வைத்த பந்து: ஃபம்பிள்ரூஸ்கி கேள்வி பதில்

ஃபம்பிள்ரூஸ்கி என்றால் அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வேண்டுமென்றே தரையில் விட்டு, லைன்மேன் (முன்வரிசையில் நின்று தடுப்பவர்) ஒருவர் எடுத்து ஓடும் தந்திரம். பேச்சுக்கு எடுத்துக்கொண்ட ஆட்டம்: 1984 ஜனவரி 2, ஆரஞ்சு பவுல் என்ற கல்லூரிப் போட்டி, நெப்ராஸ்காவும் மயாமியும். 17-0 என்று பின்தங்கியிருந்த நெப்ராஸ்காவுக்கு இரண்டாம் குவார்ட்டரில் ரைட் கார்டு (முன்வரிசை நடுவுக்கு அடுத்து வலப்பக்கம் நிற்கும் லைன்மேன்) டீன் ஸ்டைன்கூலர் 19 யார்டு ஓடி முதல் டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோட்டைக் கடந்து எடுக்கும் புள்ளி) போட்டார்.

புதுப்பார்வையாளர்: அண்ணா, நாலு தடவை பார்த்துவிட்டேன். குவார்ட்டர்பேக் (பந்து வைத்திருக்கும் அணியை நடத்துபவர்) வலப்பக்கம் ஓடுகிறார், கூட்டமே அவர் பின்னால் போகிறது. கடைசியில் பார்த்தால் லைன்மேன் ஒருவர் இடப்பக்கம் பந்தோடு ஓடுகிறார். பந்து எப்போது கை மாறியது?

கை மாறவே இல்லை தம்பி. குவார்ட்டர்பேக் டர்னர் கில் ஸ்நாப்பை (முன்வரிசை நடுவில் நிற்கும் சென்டர் ஆட்டத்தைத் தொடங்கப் பின்னால் கொடுக்கும் பந்தை) வாங்கியதுமே பந்தைத் தரையில் வைத்துவிட்டார். வரிசையில் விசேஷம் ஒன்றும் கிடையாது. நெப்ராஸ்கா ஆட்டத்துக்கு ஆட்டம் ஓடுகிற ஆப்ஷன் (பந்தை யார் கொண்டுபோவது என்று குவார்ட்டர்பேக் ஓடும்போதே முடிவெடுக்கும் ஆட்டம்) மாதிரியே நிற்கும். மாயமெல்லாம் ஸ்நாப்புக்குப் பிறகுதான்.

ஸ்நாப் குவார்ட்டர்பேக் கைக்கு முழுதாக வந்து சேர வேண்டும். சென்டரே பந்தை விட்டுவிட்டுப் போனால் அது ஸ்நாப்பே ஆகாது. வந்த கையோடு சென்டரின் வலது குதிகாலுக்குப் பின்னால், பந்தைப் படுக்கையாக வைக்கிறார். நட்டுக்குத்தாக வைத்தால் உருண்டுவிடும். பிறகு வெறுங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு வலப்பக்கம் ஓடுகிறார். இந்த வெறுங்கை நடிப்பில்தான் பாதி வேலை இருக்கிறது. பின்னால் நிற்பவர்களும் அதே பக்கம் ஓட வேண்டும். 1983இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய மைக் ரோசியர் இருக்கிற அணி வலப்பக்கம் கிளம்பினால் எதிரணியின் எந்த லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளன்) சும்மா நிற்பான்?

கார்டு ஒரு கணம் பொறுத்து, குனிந்து, பந்தை அள்ளி எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். அவசரப்பட்டால் எல்லார் கண்ணிலும் படுவான். தாமதித்தால் எதிரணியில் சென்டருக்கு நேர் எதிரே நிற்கும் நோஸ் கார்டு பந்தின் மேல் விழுவான். முக்கியமாக, முட்டி தரையில் படக்கூடாது. கல்லூரி விதிப்படி பந்து கையிலிருக்கும்போது கை, பாதம் தவிர உடம்பின் எந்தப் பகுதி தரையைத் தொட்டாலும் ஆட்டம் அங்கேயே முடிந்தது. குந்தித்தான் எடுக்க வேண்டும், மண்டியிட்டு அல்ல.

கெடுவது பெரும்பாலும் சென்டரின் காலால்தான். பிளாக் செய்ய (எதிரணி ஆளைத் தடுக்க) பின்வாங்கும்போது குதிகால் பட்டால் பந்து போச்சு.

டல்லாஸ்காரர்: ஸ்டைன்கூலர் அப்படி என்ன பெரிய ஆள்?

1983இல் கல்லூரி வீரர்களுக்கான அவுட்லண்ட், லொம்பார்டி இரண்டு விருதும் அவருக்குத்தான். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1984 டிராஃப்டில் இரண்டாவது தேர்வு. முதல் தேர்வான இர்விங் ஃப்ரையரும் அதே அணிதான். கார்டு என்றாலே நகராத மலை என்று நினைக்காதீர்கள். மற்ற நாட்களில் பந்தோடு ஓடுகிறவனுக்கு முன்னால் வழிவிட்டு ஓடுகிறவனே கார்டுதான்.

ஆப்ஷன் பிரியை: கில் கை தவறிப் பந்தை விட்டாரா, வேண்டுமென்றா?

வேண்டுமென்றே.

பள்ளிக் கோச்: எங்கள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

கூடாது. 1992 சீசனுக்குப் பிறகு கல்லூரி விதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்நாப்பருக்கு அருகில் திட்டமிட்டுப் பந்தைத் தரையில் விடுவது தவறு. பள்ளி விதியிலும் இடமில்லை. என்னைக் கேட்டால் தடை சரிதான்: பந்தைக் காணாத நடுவர் எப்போது விசில் ஊதுவார் என்று யாருக்கும் தெரியாது.

கார்டு ஓடியே ஆக வேண்டுமென்றால் நேர்வழி உண்டு. பந்தை முன்னோக்கிக் கையில் கொடுப்பதானால், அந்த லைன்மேன் இரண்டு காலையும் நகர்த்தித் தன் எல்லைக்கோட்டைப் பார்த்துத் திரும்பி, ஸ்நாப்பின்போது பந்து இருந்த கோட்டுக்குப் பின்னால் குறைந்தது 2 யார்டு வந்திருக்க வேண்டும். பள்ளி விதியில் 1 யார்டு. பின்னோக்கி வீசினால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 2007இல் சவுத் கரோலைனாவுக்கு எதிராக எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடிப்பதுபோல நின்றது. பந்தைப் பிடித்த மேட் ஃப்ளின் அதைத் தலைக்கு மேலே பின்னால் தூக்கிப்போட, கிக்கர் கோல்ட் டேவிட் 15 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். எதைச் செய்தாலும் ஆட்டத்துக்கு முன்பே நடுவர்களிடம் சொல்லிவிடுங்கள். தவறி ஊதிய விசிலைத் திரும்ப விழுங்க முடியாது.

கரோலைனாக்காரன்: தடையா? 2011இல் எங்கள் தொழில்முறை அணி பேந்தர்ஸ் ஹூஸ்டனுக்கு எதிராக இதையே செய்தார்களே, ரிச்சி ப்ராக்கல் 7 யார்டு?

அது ஃபம்பிள்ரூஸ்கி இல்லை. குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் பந்தை ப்ராக்கலின் கால்களுக்கு நடுவே கையில் கொடுத்தார். பந்து தரையைத் தொடவில்லை. தரை தொடாததற்கு இந்தப் பெயரை வைக்காதீர்கள்.

கரோலைனாக்காரன்: எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

எல்லாரும் சொன்னால் கொடுத்த பந்து விழுந்த பந்து ஆகிவிடுமா? ப்ராக்கல் பின்வரிசை ஆள். அவர் கையில் முன்னோக்கிக் கொடுப்பது எப்போதுமே சட்டப்படிதான். ஸ்டைன்கூலர் லைன்மேன், நின்ற இடத்திலேயே அவர் கையில் கொடுத்திருந்தால் அபராதம். அதனால்தான் தரை தேவைப்பட்டது. பெயர்ச் சண்டை இல்லை இது, விதிச் சண்டை.

கபடிப்பிள்ளை: அப்படியானால் 1988இல் ஃப்ளோரிடா ஸ்டேட் கிளெம்சனை ஏமாற்றிய பன்ட்ரூஸ்கி?

அதுவும் கையில் கொடுத்ததுதான். தன் 21 யார்டு கோட்டில், நாலாவது டவுனில் (கடைசி வாய்ப்பில்) பன்ட் வரிசை, அதாவது பந்தைத் தூர உதைத்து எதிரணிக்கு விடுகிற வரிசை. ஸ்நாப் பன்டருக்குப் போகாமல் முன்னால் நின்ற டெய்ன் வில்லியம்ஸுக்குப் போனது. பன்டரோ தலைக்கு மேல் போன பந்தைப் பிடிப்பதுபோல எம்பினார். வில்லியம்ஸ் பந்தை லெராய் பட்லரின் கால்களுக்கு நடுவே கொடுத்தார். பட்லர் ஓடியது 78 யார்டு, நின்றது 1 யார்டு கோட்டில். டச்டவுன் கணக்கில் வராது. ஃபீல்டு கோல் அடித்து 24-21 என்று வென்றார்கள். மூன்றில் இதுதான் அழகு என்பேன், பெயர் மட்டும் கடன் வாங்கியது.

கரோலைனாக்காரன்: பிடிவாதம் அண்ணா உங்களுக்கு.

ஆமாம்.

டல்லாஸ்காரர்: மயாமிக்கு இது தெரிந்தே இருக்காதா?

தெரிந்திருக்க வழியுண்டு. 1979இல் ஒக்லஹோமாவுக்கு எதிராக இதே நெப்ராஸ்கா, ராண்டி ஷ்லூசனர் என்ற கார்டை வைத்து 15 யார்டு டச்டவுன் போட்டது. மயாமியிடம் தோற்றது போலவே அன்றைக்கும் தோற்றது, 17-14. தெரிவது வேறு, அந்த நொடியில் கண் எங்கே போகிறது என்பது வேறு. மறுபடி பாருங்கள், இந்தத் தடவை கில்லைப் பார்க்காமல் கார்டின் காலைப் பாருங்கள். எல்லாரும் வலப்பக்கம் பாய, ஒருவர் மட்டும் பாயமாட்டார்.

ஒரு தாய்: பையனுக்குப் பயிற்சியில் முட்டி வீங்கியிருக்கிறது...

மருத்துவரிடம் காட்டுங்கள் அம்மா, இன்றைக்கே. அதுவரை களத்தில் இறக்காதீர்கள்.

இன்னொருவர்: மயாமி ஆட்டத்தின் கடைசியில் நெப்ராஸ்கா கோச் ஆஸ்பர்ன் சமனுக்கு உதைக்கச் சொல்லியிருக்கலாமே?

31-30 என்று பின்தங்கி, ஒரு புள்ளி உதைக்குப் பதில் இரண்டு புள்ளிக்குப் போனார், ஜெஃப் ஸ்மித்துக்கு வீசிய பந்தை கென்னி கால்ஹூன் தட்டிவிட்டார். அது பாஸ். அதற்குத் தனியாக ஒரு நாள் உட்காருவோம்.

மற்றொருவர்: அண்ணா, கில் உண்மையிலேயே தவறவிட்டாரோ?

மேலே ஏற்கெனவே சொன்னதைப் படியுங்கள்.